டர்பைன் ரேவன் மாதிரி இன்னொன்றைக் கட்டலாமா, கூடாதா?

சுழலி:
அமெரிக்க ஏர்ஷோ விமானி வேய்ன் ஹேண்ட்லியின் சாகச விமானமான டர்பைன் ரேவன் 1999-லேயே காட்டிவிட்டது. 750 குதிரைத்திறன் பிடி6 டர்போபிராப் (புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் எஞ்சின்), எடையைவிட அதிக இழுவிசை. மூக்கை நேராக வானத்துக்குக் காட்டி, புரொப்பெல்லரிலேயே தொங்கி நின்று, அங்கிருந்தே மேலே கிளம்பலாம். எக்ஸ்ட்ரா 300 போன்ற பிஸ்டன் விமானம் செங்குத்தாக ஏறினால் வேகம் தீர்ந்து ஒரு கணம் நிற்கும், பிறகு விழத்தான் வேண்டும். 25 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இந்த வழியில் இன்னும் நிறைய விமானங்கள் வந்திருக்க வேண்டாமா?

பழைய ரிவெட்:
அந்த விமானத்தின் முடிவையும் சொல்லுங்கள். அதே 1999 அக்டோபரில், கலிஃபோர்னியா சாலினாஸ் ஏர்ஷோவில் தரையில் மோதியது. இறங்கும்போது குறைத்த விசை, கேட்ட நேரத்துக்குத் திரும்பி வரவில்லை. ஹேண்ட்லி பலத்த காயத்தோடு பிழைத்தார். அவ்வளவு கைதேர்ந்தவருக்கே அந்த நிலை என்றால், அடுத்து ஓட்டப்போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

சுழலி:
அது இறங்கும்போது நடந்தது, அந்தரத்தில் நிற்கும் ஹோவரில் அல்ல. பிடி6-ல் வாயு உருவாக்கும் பகுதியும் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைனும் தனித்தனித் தண்டுகளில் ஓடுகின்றன. விசையை ஐடிலுக்கு, அதாவது எஞ்சின் சும்மா சுற்றும் நிலைக்கு, இறக்கிவிட்டால் வாயு உருவாக்கும் பகுதி மறுபடி வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். ஹோவரில் அது ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில்தான் சுற்றுகிறது, லீவரைத் தள்ளினால் சட்டென்று கேட்கும். தரைக்கு அருகே ஐடிலுக்குப் போகாமல் இருப்பது பயிற்சியில் வரக்கூடிய விஷயம்.

பக்கவாட்டுக் காற்று:
இடையில் ஒரு கணக்கு. 860 கிலோ விமானம், 2.4 மீட்டர் புரொப்பெல்லர் என்று வைத்துக்கொண்டால், அந்தரத்தில் நிற்கக் கோட்பாட்டளவிலேயே 310 குதிரைத்திறன் வேண்டும். இழப்புகளைச் சேர்த்தால் 500-ஐத் தாண்டும். ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் 620 கிலோவை 130 குதிரைத்திறனுக்குள் தூக்குகிறது, காரணம் அதன் ரோட்டர் கிட்டத்தட்ட 7.7 மீட்டர் அகலம். சின்ன வட்டத்தில் காற்றைத் தள்ளினால் திறனை வாரி இறைக்க வேண்டியதுதான். ஏரோபாட்டிக் பிஸ்டன் எஞ்சின் 200 கிலோ எடைக்கு 300 குதிரைத்திறன் தருகிறது. பிடி6 அதைவிட லேசு, திறனோ இரண்டரை மடங்கு. ஆக, ஹோவர்தான் வேண்டும் என்றால் டர்பைனைத் தவிர வேறு வழி இல்லை.

பழைய ரிவெட்:
கணக்கு சரி, ஆனால் முறுக்குவிசையை விட்டுவிட்டீர்கள். நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 750 குதிரைத்திறன் என்றால், 2,700 சுற்றில் ஓடும் 300 குதிரைத்திறன் பிஸ்டனைவிட மூன்று மடங்கு முறுக்கு. அந்தரத்தில் நிற்கும் விமானத்தில் வாலிலுள்ள எலிவேட்டருக்கும் ரட்டருக்கும் புரொப்பெல்லர் காற்று கிடைக்கிறது. உருள்வதைக் கட்டுப்படுத்தும் இறக்கை மடிப்பான எய்லரானின் உள்பக்கத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் படுகிறது, வெளிப்பக்கம் சும்மா கிடக்கிறது. விமானம் புரொப்பெல்லருக்கு எதிர்த்திசையில் உருளத் தொடங்கினால் ஓட்டுபவருக்குத் தரை எந்தப் பக்கம் என்றே பிடிபடாது. 1954-ல் வாலில் நின்று செங்குத்தாகக் கிளம்பும் கான்வேர் போகோ விமானத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரட்டைப் புரொப்பெல்லர் வைத்து முறுக்கைச் சமன்செய்தார்கள். அப்படியும் அதன் சோதனை விமானி ஸ்கீட்ஸ் கோல்மேன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துத்தான் வாலில் இறக்கினார்.

சுழலி:
போகோ வாலில் இறங்கியே ஆக வேண்டும். ஏர்ஷோ விமானத்துக்கு அந்தத் தேவையே இல்லை. மேலே ஏறிப் போய், சக்கரத்தில் இறங்கலாம். உருள்வதையும் காட்சியாக்கலாம், ரசிகர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

பழைய ரிவெட்:
என் கவலை ரசிகர்களைப் பற்றியது அல்ல. 15 மீட்டரில் நின்றுகொண்டிருக்கும்போது எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி மக்கர் பண்ணினால் என்ன மிச்சம்? இறக்கையில் காற்றோட்டம் இல்லை. ஹெலிகாப்டருக்காவது ரோட்டரின் சுழற்சி கொஞ்சம் கைகொடுக்கும். இதற்கு அதுவும் கிடையாது. பாராசூட் விரியவும் உயரம் போதாது.

சுழலி:
சரி, 15 மீட்டர் வேண்டாம். 300 மீட்டரில் நிறுத்துங்கள், எஞ்சின் போனாலும் மூக்கைக் கவிழ்த்து வேகம் பிடிக்க இடம் இருக்கும்.

பழைய ரிவெட்:
அந்த உயரம் என்றால் நானும் பார்க்க வருகிறேன். ஆனால் விதியில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் கைதட்டல் கேட்கக் கேட்க ஓட்டுபவர் தானாகவே கீழே கீழே வருவார்.