தொல்லுயிர்க் கூம்பு நத்தை ஓடுகள்: அடையாளம் காண்பதில் ஏற்பட்ட அனுபவங்கள்

பதிவு 1
மூன்று ஆண்டுகளாகக் 'கோனஸ்' (கூம்பு நத்தையின் அறிவியல் பெயர்) என்று பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருந்த ஒரு புதைபடிவத்தைச் சென்ற மாதம் அச்சின் வழியே நெடுக்காக அறுத்தேன். கூம்பு நத்தை வளர வளரத் தன் உட்சுருள்களின் சுவரைத் தானே கரைத்து மெலிதாக்கிக்கொள்ளும் என்பதால், கடைசிச் சுருள் தடித்தும் உட்சுவர்கள் தாள்போலவும் இருக்க வேண்டும். அறுத்த முகத்தைக் கழுவிப் பார்த்தபோது எல்லாச் சுவர்களும் தடித்தே இருந்தன. அது ஓட்டு வாயின் உதடு இன்னும் விரியாத இளம் ஸ்ட்ராம்பஸ் என்னும் வேறொரு கடல் நத்தை. அந்த வெட்டு முகம் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

பதிவு 2
எனக்குத் தவறு நேர்ந்தது நிறத்தில். வெளுத்துப்போன ஓட்டை வெளுப்பான் கரைசலில் ஊறவைத்துக் காயவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ் வைத்தேன். ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பரப்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் ஒளிர்ந்து எழுந்த அந்தக் கணத்தில் கை நடுங்கியது உண்மை. அந்தப் பரபரப்பில், 'கருமையான ஓட்டில் வெண்புள்ளிகள்' என்று விவரணை எழுதிவிட்டேன். ஒளிரும் பகுதிதான் உயிரோடிருந்தபோது நிறமி இருந்த பகுதி. ஆகவே படத்தை எதிர்மறையாக மாற்றிய பின்னரே பழைய கோலம் தெரியும். டொமினிக்கன் குடியரசின் கூம்பு நத்தைப் புதைபடிவங்களைப் பற்றி ஜொனாதன் ஹென்ட்ரிக்ஸ் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 28 இனங்களின் கோலங்கள் இம்முறையில்தான் காட்டப்பட்டன; அவற்றில் 13 புதியவை. அதைப் படித்தும் தலைகீழாக எழுதினேன்.

பதிவு 3
ஃபுளோரிடாவின் பிளியோசீன் (சில மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய காலம்) படிவுகளில் கிடைத்த ஓர் ஓட்டின் படத்தை நண்பர் அனுப்பியிருந்தார். ஓட்டின் வாய் (திறப்பு) வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் இருந்ததைக் கண்டு, படம் இடவலம் மாறியிருக்கிறது என்று திருத்தி எழுதினேன். மறுநாள் அளவுகோலை அருகில் வைத்து மீண்டும் படமெடுத்து அனுப்பினார். எண்கள் நேராகவே இருந்தன. வாய் இடப்பக்கமே இருந்தது. அழிந்துபோன இடம்புரி இனமாகிய கோனஸ் அட்வர்சாரியஸ் அது.

பதிவு 4
முந்தைய பதிவரின் 'இடம்புரி' என்னும் சொல்லை நான் ஏற்கவில்லை. வழக்கில் நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கைத்தான் அறிவியலார் இடச்சுழல் என்கின்றனர். ஆகவே, 'கோபுரம் (ஓட்டின் உச்சியிலுள்ள சுருள் பகுதி) மேலே, வாய் நம்மை நோக்கி இருக்கும்போது வாய் இடப்பக்கம்' என்று நீட்டி எழுதுவதே குழப்பமற்றது. முதல் பதிவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அறுப்பதற்கு முன் தோள்பட்டைக்கு (கோபுரத்தின் அடியில் சுருள் திரும்பும் விளிம்பு) மேலுள்ள சரிவை உருப்பெருக்கியில் பார்த்திருக்கலாம். கூம்பு நத்தையில் அங்குள்ள வளர்ச்சிக் கோடுகள் வாயிலிருந்து பின்னோக்கி வில்லாக வளையும். இயற்கையாக உடைந்த ஓடு கிடைத்தால் உட்சுவரும் தெரிந்துவிடும்.

விவரணை எழுதும்போது 'குட்டையானது', 'அகன்றது' என்று எழுதாமல் அளந்து எழுதுங்கள். அதிகபட்ச அகலத்தை வாயின் உயரத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். மொத்த நீளத்திலிருந்து வாயின் உயரத்தைக் கழித்து, மொத்த நீளத்தால் வகுத்தால் கோபுரத்தின் விகிதம் கிடைக்கும். தோளில் முடிச்சுகள் உள்ளனவா, இருந்தால் எத்தனையாவது சுருளில் மறைகின்றன, சரிவில் எத்தனை சுருள்வரிகள் ஓடுகின்றன என்பனவற்றை நிறத்துக்கு முன்பே குறியுங்கள். வெளுப்பானை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள்; நச்சு வாயு எழும். என் அனுபவம் சிறியது: உச்சி முனையைத் தூரிகையால் அழுத்தித் துலக்கி முளைச்சுருளை (இளம்புழுப் பருவத்தில் உருவான முதல் சுருள்) இழந்தேன். அந்த ஓட்டின் இளம்புழு நீந்தித் திரிந்ததா என்பதை ஊகிக்க இருந்த ஒரே தடயம் அதுதான்.

பதிவு 1 மீண்டும்
வளர்ச்சிக் கோடுகளைப் பார்த்தேன் ஐயா; தோள் முழுவதும் தேய்ந்திருந்தது. அதனால்தான் அறுக்க நேர்ந்தது. அதே படுகையில் எடுத்த இன்னும் நான்கு ஓடுகள் அறுபடாமல் இருக்கின்றன. அவற்றின் சரிவை இன்றிரவு பார்க்கிறேன்.