பக்கவாதத்துக்குப் பிறகு தோள் வலி: கப்பி மாட்டலாமா?

கரிசல்காடு:
அப்பாவுக்கு 63 வயது. இடது பக்கம் வாதம் அடித்து 6 வாரம் ஆச்சு. பிடித்துக்கொண்டால் நாலு எட்டு நடக்கிறார். கையில் அசைவே இல்லை. தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் குழி தெரிகிறது. 2 வாரமாகத் தோள் வலி, ராத்திரி தூக்கமில்லை. பிசியோ வாரம் 3 நாள் வருகிறார். சொந்தக்காரர் ஒருவர் கயிறும் கப்பியும் வாங்கிக் கொடுத்து, உத்திரத்தில் மாட்டி நல்ல கையால் இழுத்து மற்ற கையைத் தூக்கச் சொல்கிறார். செய்யலாமா? கையைக் கழுத்திலிருந்து தாங்குகிற ஸ்லிங் பட்டையை நாள் முழுக்கப் போடணுமா? ஸ்பாஞ்ச் பந்து பலன் தருமா?

எலும்புக்கூடு (பிசியோதெரபிஸ்ட்):
கப்பியை மாட்டாதீங்க. தோள் இறுகிப் போனவர்களுக்கு அது சரி, அப்படி யாருக்கோ மாட்டினதைப் பார்த்துத்தான் உங்க சொந்தக்காரர் வாங்கியிருப்பார். வாதத் தோள் வேற கதை.

கையை முழுசாத் தூக்கும்போது அந்த 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுப்பது. வாதத்தில் அது சுழலாது. கயிறு கையை மட்டும் மேலே இழுக்கும். மேல்கை எலும்போட பந்து மாதிரியான தலை, தோளுக்கு மேல்கூரையா இருக்கிற எலும்பில் போய் இடிக்கும், நடுவில் இருக்கிற தசைநார் நசுங்கும். வலி கூடத்தான் செய்யும்.

நீங்க சொல்ற குழி, மூட்டு இறங்கியிருப்பதன் அடையாளம். 60 கிலோ ஆளுக்கு ஒரு கை மட்டும் 3 கிலோ இருக்கும். பிடித்து நிறுத்துகிற தசை செத்த மாதிரி கிடக்கும்போது அந்த 3 கிலோவும் மூட்டு உறையில் தொங்குது.

கையை இப்படி அசைச்சு விடுங்க: மல்லாக்கப் படுக்க வையுங்க. இடது பக்கம் உட்கார்ந்து ஒரு உள்ளங்கையைத் தோள்பட்டை எலும்புக்கு அடியில் கொடுத்து, அதை முன்னும் மேலுமா மெதுவா நகர்த்துங்க. மற்ற கையால் முழங்கைக்குச் சற்று மேலே பிடிச்சு, அவர் கட்டை விரல் மேலே பார்க்கிற மாதிரி கையைத் தூக்குங்க. 90 டிகிரியோட நிறுத்திடணும். அதுக்கு மேலே போகலாமா என்பதை உங்க பிசியோ தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்லணும். 10 தடவை, காலை மாலை. முகம் சுளிச்சா அந்த இடத்தோட சரி.

ஆனா பயிற்சியை விட முக்கியம், வீட்டில் யார் எப்படிப் பிடிக்கிறாங்க என்பது. கட்டிலிலிருந்து கையைப் பிடிச்சு இழுக்கிறது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துறது, எண்ணெய் போட்டுக் கீழே உருவுறது, மூணும் கூடாது. இடுப்பில் அகலமான பெல்ட்டோ நாலா மடிச்ச துண்டோ கட்டி அதைப் பிடிங்க. சட்டை போடும்போது இடது கை முதலில், கழட்டும்போது கடைசியில்.

மணிக்கட்டு (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்):
ஸ்லிங் நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும். உட்கார்ந்ததும், படுத்ததும் கழற்றிவிட வேண்டும். நாள் முழுக்கப் போட்டால் முழங்கை மடங்கி, கை நெஞ்சோடு ஒட்டினபடியே இறுகிவிடும். அப்புறம் சட்டை போடுவதே பெரும்பாடு. உட்காரும்போது மடியில் தலையணை அல்லது முன்னால் மேசை, முழங்கை சற்று முன்னே, விரல்கள் விரிந்து.

வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் நெஞ்சுக்கு முன்னால் தலையணை வைத்து அதன்மேல் இடது கை. மல்லாந்து படுத்தால் தோள்பட்டைக்கு அடியிலிருந்தே தலையணை தொடங்க வேண்டும், முழங்கைக்கு மட்டும் வைத்தால் தோள் பின்னால் விழும்.

இடது பக்க வாதத்தில் இன்னொன்று கவனியுங்கள். சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. தட்டில் இடது பாதி சோறு அப்படியே இருக்கும். கை நாற்காலிக்கு வெளியே தொங்குவதும் தெரியாது, வலி வந்தபிறகுதான் தெரியும். அப்படியானால் இடது பக்கம் நின்று பேசுங்கள், தண்ணீர்ச் செம்பையும் அந்தப் பக்கமே வையுங்கள்.

ஸ்பாஞ்ச் பந்து வேண்டாம். அசைவு திரும்பும்போது விரல் மூடுவதுதான் பெரும்பாலும் முதலில் வரும், விரிப்பதுதான் கஷ்டம். மூடுவதையே பழக்கி என்ன பயன்? இப்போதைக்கு மேசைமேல் மடித்த துண்டை வைத்து, இடது கைமேல் வலது கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளித் துடைக்கச் சொல்லுங்கள். விரலில் துளி அசைவு வந்ததும் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்து விடுவது. விடுவதற்குத்தான் மதிப்பெண்.

கரிசல்காடு:
நன்றி சார், நன்றி மேடம். தட்டு விஷயம் அப்படியே பொருந்துகிறது. இன்னொன்று: 4 நாளாகப் புறங்கை வீங்கிப் பளபளவென்று இருக்கிறது, கொஞ்சம் சூடு. மணிக்கட்டை மடக்கினால் கத்துகிறார். வெந்நீர்ப் பை வைக்கலாமா?

நரம்புமுடிச்சு (பிஎம்ஆர், அதாவது புனர்வாழ்வு மருத்துவர்):
வெந்நீர்ப் பை கூடாது. உணர்ச்சி குறைந்த கையில் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும்.

தோள் வலியோடு வீக்கம், சூடு, மணிக்கட்டு வலி சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தோள்-கை நோய். ஆனால் ரத்தக்கட்டு, கிருமித் தொற்று, கவனிக்காத எலும்பு முறிவு மூன்றையும் விலக்கியாக வேண்டும். அதனால் நாளைக்கே காட்டுங்கள், பிசியோ வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் இருந்தாலோ, வீக்கம் மேல்கை வரை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ இன்றைக்கே. அதுவரை கை முழங்கையை விட உயரத்தில் தலையணைமேல் இருக்கட்டும். அந்தக் கையில் பிபி பார்க்கவோ டிரிப் ஏற்றவோ விடாதீர்கள்.

தோள்-கை நோய் என்று உறுதியானால் குறுகிய கால ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். சர்க்கரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மூட்டு இறக்கத்துக்கு ஆரம்ப மாதங்களில் தசையை மின்சாரத்தால் தூண்டுவது உதவும். தோளில் ஊசி போட்டும் வலி திரும்பி வருகிறது என்றால், பெரும்பாலும் வீட்டில் யாரோ இன்னும் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிஎம்ஆர் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னை என்றால் கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம். பிசியோ நாட்களைக் கூட்ட, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

எலும்புக்கூடு:
டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் நான் சொன்ன பயிற்சியை நிறுத்தி வையுங்க. கட்டில் தலைமாட்டுச் சுவரில் "இடது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்" என்று பெரிசா எழுதி ஒட்டுங்க. பார்க்க வர்றவங்கதான் முதலில் அந்தக் கையைப் பிடிப்பாங்க.