வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: இறைக்கூர்ப்பா, இறைவழிக் கூர்ப்பா?

கோப்பாயிலிருந்து, ஞாயிறு இரவு

குழுவினருக்கு வணக்கம். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கைநூல் செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்குள் கூர்ப்பு (எவலூசன்) பற்றி ஒரு சொல் தேவை.

என் வகுப்பில் சைவப் பிள்ளைகள், கத்தோலிக்கப் பிள்ளைகள், தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகள், புதுச் சபைகளுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். போன மாதம் ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், சோதனையில கூர்ப்பு எழுதிறன், ஞாயிற்றுக்கிழமை ஆதியாகமம் கேக்கிறன். ரெண்டையும் ஏற்கிற ஆக்களுக்கு என்ன பேர்?" ஆட்கள் இருக்கிறார்கள். தமிழில் பேர்தான் இல்லை. உயிரினங்கள் பொது மூதாதையரிலிருந்து கூர்ப்படைந்தன என்பதை முழுதாக ஏற்று, அதன் வழியாகவே கடவுள் படைத்தார் என்று சொல்கிற நிலைப்பாடு இது. கூர்ப்பை மறுக்கிற படைப்புவாதத்தோடு இதைக் குழப்பக்கூடாது.

இதுவரை "கடவுள் கூர்ப்பின் வழியாகப் படைத்தார் என்னும் நிலைப்பாடு" என்று நீட்டி எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், 17 இடம். தட்டச்சு செய்கிற தம்பி, "இது சொல்லா ரீச்சர், வசனமா?" என்கிறான். "இறைக்கூர்ப்பு" என்று போடலாமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து, ஞாயிறு நள்ளிரவு

ரீச்சர், இறைக்கூர்ப்பு என்றதும் அப்பாவின் இறைப்பு மெசின்தான் கண்ணுக்குள் வந்தது. தோட்டக்காரன் பிள்ளை, மன்னியுங்கோ.

பகிடி போகட்டும். கூர்ப்பு என்ற சொல் எங்கள் பாடநூலுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டுப் பிள்ளை பரிணாமம் என்று படிக்கிறது. இணையத்தில் தேடினாலும் பரிணாமம்தான் வரும். "ஆத்திகப் பரிணாமம்" என்று போடுங்கோ, கேட்டவுடன் விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம் என்று நூல் வந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லை மருத்துவபீட மாணவனிடம் சொல்லிப் பாருங்கோ, கோயில் பேர் என்று நினைப்பான். வழங்காத சொல் எவ்வளவு வடிவாக இருந்தென்ன?

நல்லூரிலிருந்து, திங்கள் காலை

தம்பி, அங்காதிபாதம் வடமொழித் தொடர். அது போய்த் தமிழான உடற்கூறு நின்றதென்றால், நீர் என் கட்சிக்கல்லவா சாட்சி சொல்கிறீர்?

கூர்ப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்பது தொல்காப்பிய உரியியல். இல்லாத ஒன்று வானத்திலிருந்து விழவில்லை, உள்ளதே மிகுகிறது. டார்வினுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை யார் கொடுப்பார்கள்? அதே நூற்பாவில் கழிவும் அதே பொருளில்தான் நிற்கிறது. கழிபேருவகை என்றால் மிகப் பெரிய உவகை. இப்போது கழிவு என்றால் வாய்க்காலில் ஓடுவது. சொற்களும் கூர்ப்படையும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பரிணாமம் பொல்லாத சொல் அல்ல, ஆனால் சமயம் பேசும் நூலில் ஆகாது. பால் தயிராவது பரிணாமம். பிரமமே உலகமாகத் திரிந்தது என்பார் கொள்கைக்குப் பரிணாமவாதம் என்று பெயர் உண்டு. சைவ சித்தாந்தத்தில் திரிவது மாயை, சிவம் அல்ல. அந்தச் சொல்லைப் போட்டீர்களானால், டார்வினுக்கு முந்திய சண்டை ஒன்றுக்குள் பிள்ளைகளைத் தள்ளிவிடுவீர்கள்.

இனி, இறைக்கூர்ப்பு. தொகையை விரியுங்கள் அம்மா. கேட்பவனுக்கு முதலில் படுவது ஆறாம் வேற்றுமை, இறையினது கூர்ப்பு. கடவுளே கூர்ப்படைகிறார் என்றாகிவிடும்! பிறப்பிறப்பு இல்லாதவரை ஏன் மீனும் தவளையும் ஆக்குகிறீர்கள்? (குழுவில் வைணவர் இருந்தால் மச்சம், கூர்மம் என்று தொடங்க வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.)

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உங்கள் கூர்ப்பு தண்டசக்கரத்தின் இடத்தில் நிற்கிறது, இறைவன் நிமித்தம். ஆகவே "இறைநிமித்தக் கூர்ப்பு". இதெல்லாம் எங்களுக்குப் புதிதுமல்ல, "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று மாணிக்கவாசகர் சொல்லி வைத்ததுதான்.

கோப்பாயிலிருந்து, திங்கள் மாலை

ஐயா, நிமித்தம் என்றால் என் பிள்ளைகள் பல்லி சொல்லும் சகுனத்தைத்தான் நினைப்பார்கள்.

சிவபுராணத்தை நானும் தினம் ஓதுகிறவள்தான். ஆனாலும் வகுப்பில் அதைக் கூர்ப்புக்குச் சான்றாகச் சொல்ல ஏலாது. அந்த அடிகளில் பாம்புக்குப் பிறகு கல் வருகிறது, கல்லுக்குப் பிறகு மனிதர். அது வரிசை சொல்ல வந்த பாட்டு அல்ல. ஓர் உயிர் பிறவி தோறும் உடம்பு மாறி இளைத்த கதை அது. கூர்ப்பில் எந்த ஓர் உயிரும் மாறுவதில்லை, தலைமுறை தலைமுறையாகக் குடித்தொகைதான் மாறுகிறது. சோதனையில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி போகிறது. வருஷா வருஷம் நான்தான் பார்க்கிறேன்.

தொல்காப்பியத்திலும் ஒரு சந்தேகம். இருட்டுக் குகையில் வாழும் மீன்கள் கண்ணை இழந்ததும் கூர்ப்புத்தான். அங்கே உள்ளது எங்கே சிறந்தது?

நல்லூரிலிருந்து, திங்கள் மாலை

அதற்குத்தான் பக்கத்திலேயே கழிவு என்று வைத்திருக்கிறார்.

வட்டுக்கோட்டையிலிருந்து, செவ்வாய்

ஓய்வுபெற்ற வாத்தியார், நேரம் இருக்கிறது. கொஞ்சம் நீளும்.

இந்த நிலைப்பாடு டார்வின் காலத்திலேயே இருந்தது. அவருடைய நூல் 1859இல் வந்தது. 1860இல் வந்த இரண்டாம் பதிப்பின் கடைசி வசனத்தில், உயிர் முதலில் ஊதப்பட்டது "படைத்தவரால்" என்று அவரே சேர்த்தார். அமெரிக்காவில் அவருக்காக வாதாடிய ஆசா கிரே தாவரவியலாளர், பக்தியுள்ள கிறிஸ்தவர். இயற்கைத் தேர்வும் கடவுளின் திட்டமும் முரணல்ல என்பது கிரேயின் கட்சி. டார்வினால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. அதே 1860இல் கிரேக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குளவி இனத்தைச் சொல்கிறார். அதன் குஞ்சுகள் உயிருள்ள புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். அன்பே உருவான கடவுள் இதை வேண்டுமென்றே வடிவமைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்க்கத் தோன்றும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நாங்கள் குருவுக்கும் சீடனுக்கும் உவமை சொல்லி வந்திருக்கிறோம். குளவி இனம் வேறாக இருக்கலாம், கதை ஒன்றுதான். எங்களுக்கு அருள் தெரிந்த இடத்தில் டார்வினுக்குக் கொடுமை தெரிந்தது. கூட்டைப் பிரித்துப் பார்த்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் அல்ல.

சொல்லுக்கு வருகிறேன். மனித மரபணுத்தொகைத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் கொலின்சுக்கும் இதே தலையிடிதான். வழக்கிலிருந்த பெயர் பிடிக்காமல் 2006இல் கிரேக்கத்தின் உயிரையும் வாக்கையும் ஒட்டி "பயோலோகோஸ்" என்று புதிதாக ஒன்று ஆக்கினார். இப்போது அது ஓர் அமைப்பின் பெயராகத்தான் நிற்கிறது. நாங்கள் அவ்வளவு கெட்டித்தனம் காட்டத் தேவையில்லை. "இறைவழிக் கூர்ப்பு" என்று எளிமையாக வைத்தால் என்ன?

குருநகரிலிருந்து, செவ்வாய் இரவு

மாஸ்டர், லோகோஸ் என்று தொடங்கினீர்கள் என்றால் நாங்கள் விடிய விடியக் கதைக்க வேண்டும். உங்கள் வேதாகமத்தில் ஆதியிலே "வார்த்தை", எங்கள் விவிலியத்தில் தொடக்கத்தில் "வாக்கு". அந்த ஒரு சொல்லிலேயே நாங்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

மனித உடல் முன்பிருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்ததா என்று ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் எழுதினார். கூர்ப்பு வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் 1996இல் சொன்னார். ஆக, எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய சங்கடம் அல்ல. ஆனால் "இறைவழிக் கூர்ப்பு" தலைகீழாக நிற்கிறது. வழி எது? கூர்ப்பு. அந்த வழியால் நடப்பது படைப்பு. "கூர்ப்புவழிப் படைப்பு" என்பதே சரி. கொலின்சின் அமைப்பினரும் இப்போது இந்த ஒழுங்கில்தான் சொல்கிறார்கள்.

கோப்பாயிலிருந்து, புதன் அதிகாலை

பாதர், தருக்கம் உங்களுடையதுதான் சரி. ஆனால் சொல் "படைப்பு" என்று முடிந்தால் பிள்ளை அதைப் படைப்புவாதத்தோடு ஒரே பெட்டிக்குள் போட்டுவிடும். தலைச்சொல் கூர்ப்பாகவே இருக்கட்டும். இது உயிரியல் வகுப்பு, ஞாயிறு மறைப்பாடம் அல்ல.

ஒன்று மட்டும் எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. இரண்டு பெயர்ச்சொல்லை ஒட்டிவிட்டு உருபை ஒளித்து வைப்பது தமிழுக்குச் சுகம். இறையினது என்றால் ஒரு சமயம், இறையால் என்றால் இன்னொன்று, இறைக்காக என்றால் வேறொன்று. ஒன்றரை நூற்றாண்டுச் சண்டை முழுவதும் அந்த உருபுக்குள்தான் கிடக்கிறது. நான் 17 இடத்தில் நீட்டி எழுதியபோது அது வெளியே தெரிந்தது. சுருக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

ஸ்காபரோவிலிருந்து, புதன்

இங்கே பனி கொட்டுகிறது, நீங்கள் உருபு பிரிக்கிறீர்கள். வாக்கெடுங்கோ. எனது வாக்கு இறைவழிக் கூர்ப்புக்கு. சரியான சொல் என்றல்ல, ரீச்சருக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து, புதன்

நானும். பரிணாமம் இல்லாதது மனவருத்தம்தான். அடைப்புக்குள்ளாவது ஒருமுறை போடுங்கோ ரீச்சர்.

வட்டுக்கோட்டையிலிருந்து, புதன்

என் சொல்லுக்கு நானே வாக்களிக்கலாம் என்றால் மூன்று.

கோப்பாயிலிருந்து, வெள்ளி மதியம்

அச்சுப்படி வந்தது. முதல் இடத்தில் பரிணாமத்தை அடைப்புக்குள் போட்டிருக்கிறேன், தம்பி. ஆனால் யாரோ திருத்தியதாக நினைத்து, எல்லா இடத்திலும் 'க்' என்ற ஒற்றெழுத்தை எடுத்துவிட்டார்கள். "இறைவழி கூர்ப்பு", "இறைவழி கூர்ப்பு" என்று 17 தரம். பின்னேரம் நாலு மணிக்குள் படியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நல்லூரிலிருந்து, வெள்ளி மதியம்

க் இல்லையென்றால் அது வேற்றுமைத்தொகை அல்ல அம்மா, உம்மைத்தொகை. வெற்றிலை பாக்கு போல. இறைவழியும் கூர்ப்பும் என்று விரியும். ஒன்று மற்றதன் வழியாக அல்ல, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றை ஒன்று தொடாமல்.

குருநகரிலிருந்து, வெள்ளி மதியம்

இது கூர்ப்பு அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்ட் 1997இல் சொன்னதல்லவா! அறிவியலின் ஆட்சிப்புலம் வேறு, சமயத்தின் ஆட்சிப்புலம் வேறு, ஒன்றின்மேல் ஒன்று படியாது என்றார். ஓர் ஒற்று விழுந்ததும் ரீச்சரின் கைநூல் முழுக்கக் கட்சி மாறிவிட்டது.

கோப்பாயிலிருந்து, வெள்ளி மாலை

திருத்திக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓர் இடம் தப்பியிருக்கிறது. 23ஆம் பக்கம், கூல்ட் பற்றிய பந்தி.

குருநகரிலிருந்து, வெள்ளி மாலை

அதை விட்டுவிடுங்கோ.

நல்லூரிலிருந்து, வெள்ளி இரவு

விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். நிமித்தம் என்பது சகுனம் மட்டுமல்ல என்பதை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.