குருட்டு மதிப்பாய்வு வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவ மாநாட்டுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை, எழுதியவர் யார் என்று தெரியாமல் மதிப்பிடும் முறைக்கு (ஆங்கிலத்தில் blind review) இந்தக் கலைச்சொல் உரையாடலில் ‘குருட்டு மதிப்பாய்வு’ என்ற சொல்லை முன்வைத்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பார்வையற்றோரைப் புண்படுத்தும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சொல் பொருளைக் கோட்டைவிடுகிறது. மதிப்பீட்டாளர் நோக்கம், ஆய்வுமுறை, முடிவுகள் என்று வரிவரியாகப் பார்க்கத்தான் செய்கிறார். பெயரையும் நிறுவனத்தையும் மட்டுமே அவருக்குக் காட்டுவதில்லை. ‘குருட்டுத்தனமாகத் திருத்தினார்’ என்று தமிழில் எவரைச் சொன்னாலும் அது வசைதான்.

‘பெயர்மறை மதிப்பீடு’ என்பது என் பரிந்துரை. விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து டம்மி எண் இடுகிறோமே, அந்த வேலைதான் இது.

இதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க இதயச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டுக்கு வந்த சுருக்கங்களை 2000, 2001 ஆண்டுகளில் பெயர் தெரியும்படியும், 2002 முதல் 2004 வரை பெயரை மறைத்தும் மதிப்பிட்டது. 67,000-க்கும் மேற்பட்ட சுருக்கங்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் ‘ஜாமா’ (JAMA) என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பெயர் தெரிந்தபோது அமெரிக்காவுக்கும், ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கும், புகழ்பெற்ற நிறுவனங்களுக்கும் கிடைத்துவந்த சாதகம், மறைத்தபின் குறைந்தது. நம் ஊர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து எழுதும் இளம் மருத்துவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

ஆனால் தலைப்புக்குக் கீழே உள்ள பெயர்களை நீக்கினால் மட்டும் போதாது. ‘எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி’ என்று ஒரு வரி, ‘மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தொழுநோய் மருத்துவமனையில்’ என்று ஒரு வரி. துறைக்காரருக்கு அதுவே முகவரி. ஒருங்கிணைப்பாளர் இவற்றைத் தேடிப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இதை ‘அடையாள நீக்கம்’ என்று சொல்லிவிடாதீர்கள். நோயாளியின் விவரங்களை அகற்றுவதற்கு அந்தச் சொல் தேவை. ஒரே அறிவிப்பில் இரண்டும் வரும், குழம்பும்.



*

மருத்துவர் அவர்களுக்கு,

‘குருட்டு’ போகட்டும், மகிழ்ச்சி. ஆனால் ‘பெயர்மறை’ என்றதும் இலக்கணம் படித்தவனுக்கு எதிர்மறையும் பெயரெச்சமும்தான் நினைவுக்கு வரும், மற்றவர்களுக்கு வேதம். ‘பெயர் மறைப்பு’ என்று விரித்துவிடுங்கள். மருந்துச் சோதனையிலும் ‘blind’ என்ற அதே ஆங்கிலச் சொல் வரும்; அங்கே மறைப்பது யார் எந்த மருந்தை எடுக்கிறார் என்பதை. இங்கே மறைப்பது எழுதியவர் பெயரை. ‘மறைப்பு’ என்பதைப் பொதுவாக வைத்துக்கொண்டு, முன்னால் எதை மறைக்கிறோம் என்பதைச் சேர்த்தால் இரண்டுக்கும் உதவும்.

ஒரு வேடிக்கை: பவணந்தியார் எழுதிய நன்னூல், ஒரு நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளைக் கேட்கிறது. முதலாவதே ‘ஆக்கியோன் பெயர்’, அதாவது எழுதியவர் பெயர். உங்கள் குழுவிடம் பவணந்தியார் தேறமாட்டார்.

*

ஐயா,

‘பெயர் மறைப்பு மதிப்பீடு’ என்றே வைத்துக்கொள்கிறேன். மதிப்பெண் அட்டவணையின் குறுகிய கட்டத்தில் மட்டும் ‘பெ.ம.’ என்று போட அனுமதியுங்கள். சுருக்கம் அனுப்புவோருக்கான குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன்:

“இம்மாநாட்டில் பெயர் மறைப்பு மதிப்பீடு பின்பற்றப்படுகிறது. சுருக்கத்தின் எந்தப் பகுதியிலும் ஆசிரியர், நிறுவனம், ஊர் ஆகியவற்றின் பெயரோ, அவற்றைக் காட்டிக்கொடுக்கும் விவரமோ இடம்பெறக் கூடாது. உங்கள் பழைய ஆய்வைச் சுட்டும்போதும் பிறர் ஆய்வைச் சுட்டுவதுபோலவே எழுதுங்கள்.”

‘காட்டிக்கொடுக்கும்’ சற்றுக் கடுமையாகப் படுகிறதா? ‘உணர்த்தும்’ என்று மாற்றிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது.