இண்டி ராக் பாடலுக்குக் காணொளி: தூண்டுதலைப் பாடலில் தேடுவதா, பிறர் படைப்பில் தேடுவதா?

ஓரக்கோடு:
எங்கள் குழுவின் புதிய பாடலுக்குக் காணொளி எடுக்க வேண்டியிருக்கிறது. பாடலின் நீளம் 3 நிமிடம் 40 நொடி. குழுவில் நான்கு பேர், கையில் ஒரே கேமரா, படப்பிடிப்புக்கு இரண்டு நாள். பிடித்த காணொளிகளையெல்லாம் திரட்டி மூட்போர்டு (மாதிரிக் காட்சிகளின் தொகுப்பு) ஒன்றைத் தயாரித்துவிட்டுத்தான் கதையைப் பற்றிப் பேச வேண்டும் என்று பாடகர் சொல்கிறார். படப்பிடிப்பு முடியும்வரை எவருடைய காணொளியையும் பார்க்கவே கூடாது என்று டிரம்ஸ் கலைஞர் பிடிவாதமாக இருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் எந்தப் பக்கம்?

எட்டாம்தாளம்:
டிரம்ஸ் கலைஞரின் பக்கம். மிஷெல் கோந்ரி, இயக்குநராகப் பெயர் பெறும் முன் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். முதலில் காணொளி எடுத்ததும் தம் குழுவின் பாடல்களுக்குத்தான். தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவுக்காக 2003இல் அவர் இயக்கிய 'தி ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்' காணொளியில், தாளத்தின் அடி ஒவ்வொன்றுக்கும் தெருவில் ஒரு புதிய டிரம்ஸ் தொகுதி முளைத்துக்கொண்டே போகிறது. அப்படியொரு எண்ணம் தோன்ற அந்தப் பாடலின் தாளத்தை விரல்விட்டு எண்ணத் தெரிந்திருந்தால் போதும், பத்து மூட்போர்டுகள் தேவையில்லை. எனவே பாடலை நொடிவாரியாகத் தாளில் எழுதுங்கள்: எங்கே எந்தக் கருவி நுழைகிறது, எங்கே விலகுகிறது, எங்கே குரல் உடைகிறது. காணொளியில் என்ன நிகழ வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நிழற்சேகரம்:
கோந்ரியைச் சான்றாகக் காட்டுவது வசதியான வாதம். கேமராவை நிறுத்தி, பொருளை மாற்றி வைத்து, மீண்டும் ஓட்டினால் அது திடீரெனத் தோன்றியதுபோல் இருக்கும் என்பதை திரைப்பட முன்னோடி ஜார்ஜ் மெலியஸ் காலத்திலேயே திரைப்படக்காரர்கள் அறிந்திருந்தார்கள். தாளத்தை எண்ணியவர் கோந்ரிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணியதைத் திரையில் காட்டும் மொழி அவருக்கு முன்பே உருவாகியிருந்தது.

'எதையும் பார்க்காமல் பாடலை மட்டும் கேளுங்கள்' என்ற அறிவுரையில் எனக்குள்ள பெரிய ஐயம் வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இண்டி ராக் பாடலைக் கேட்பவருக்கு என்ன தோன்றும்? கைவிடப்பட்ட தொழிற்சாலை, பின்னாலிருந்து விளக்கொளி படும் புகை, தண்டவாளத்தில் தனியாக நடக்கும் பெண், மெதுவாகச் சிலுப்பப்படும் தலைமுடி. இவையெல்லாம் பாடலுக்குள்ளிருந்து வந்தவை என்று அவர் நம்புவார். உண்மையில், எப்போதோ பார்த்து எங்கே பார்த்தோம் என்பதை மறந்துபோன காட்சிகள் அவை. எவை தேய்ந்துபோனவை என்று அடையாளம் காண்பதற்காவது நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

எடுத்தாள்வது குற்றமும் அன்று. 1991இல் மாசிவ் அட்டாக் குழுவின் 'அன்ஃபினிஷ்ட் சிம்பதி' காணொளியில் பாடகி தெருவில் நடந்துகொண்டே பாடுவது வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாக ஓடும். 1997இல் தி வெர்வ் குழுவின் 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி' அந்த நடையை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றியது: பாடகர் எவருக்கும் வழிவிடுவதில்லை, எதிரே வருபவர்களை இடித்துக்கொண்டே போகிறார். அந்த ஒரு மாற்றத்தால் அது வேறு படைப்பாகிவிட்டது.

எட்டாம்தாளம்:
தேய்ந்த காட்சிகளைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் உங்கள் இரண்டாவது எடுத்துக்காட்டு என் கட்சியைத்தான் வலுப்படுத்துகிறது. ஒரே வயலின் இழை எதற்கும் வளைந்துகொடுக்காமல் திரும்பத் திரும்ப வரும் பாடல் அது. ஆகவேதான் வழிவிடாத நடை அதற்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது. நடை முந்தைய காணொளியிலிருந்து வந்தது, பிடிவாதம் பாடலிலிருந்து வந்தது. மூட்போர்டு மட்டும் இருந்திருந்தால் நடை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சில்லறைக்கணக்கு:
இடையில் ஒரு சொல். இரண்டு நாள், ஒரு கேமரா என்ற நிபந்தனையையே தூண்டுதலாகக் கொள்ளலாமே? ஓகே கோ குழு 2006இல் வெளியிட்ட 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' காணொளியில் இருந்தவை அசையாத ஒரு கேமராவும் 8 டிரெட்மில்களும் மட்டுமே. நடன அமைப்பைப் பாடகரின் சகோதரி கவனித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

நிழற்சேகரம்:
அதைப் பார்த்துச் 'செலவில்லாமல் எடுத்துவிடலாம்' என்று முடிவு செய்பவர்கள் ஒத்திகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெட்டு இல்லாத ஷாட்டில் கடைசி நொடியில் ஒருவர் தடுமாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓரக்கோடு குழுவினருக்கு நடனப் பயிற்சி உண்டா என்று தெரிந்துகொள்ளாமல் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓரக்கோடு:
பயிற்சி இல்லை, எங்களில் இருவருக்கு மேடையில் நடப்பதற்கே கூச்சம். எட்டாம்தாளம் சொன்னபடி நொடிவாரியாக எழுதிப் பார்த்தோம். பாடலின் வேகம் நிமிடத்துக்கு 120 அடி. 2:24இல் எல்லாக் கருவிகளும் நின்றுவிட, பேஸ் கிட்டார் மட்டும் நான்கு பார் (பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று) தனியாக ஒலிக்கிறது. அதன்பின் பல்லவி முழு ஒலியுடன் திரும்புகிறது. மற்ற இடங்களுக்கு ஏதேதோ தோன்றுகிறது, அந்த நான்கு பாருக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை.

எட்டாம்தாளம்:
உங்கள் காணொளி அங்கேதான் இருக்கிறது. 120 வேகத்தில் ஓர் அடி அரை நொடி. நொடிக்கு 24 சட்டகம் (கேமரா பதியும் தனித்தனிப் படம்) என்றால் அடிக்கு 12 சட்டகம். நான்கு பார் என்பது 16 அடி, அதாவது 8 நொடி, 192 சட்டகம். மூன்று பேர் சும்மா நிற்க, ஒருவர் மட்டும் வாசிக்கும் 8 நொடி. பாடல் முழுவதும் பேஸ் கலைஞரைத் திரையில் தெரியும் சட்டகத்தின் ஓரத்திலேயே வையுங்கள்: பாதி முகம், ஒரு தோள், மற்றவர்களுக்குப் பின்னால் தெரியும் ஒரு கை. அந்த 8 நொடியில் மட்டும் கேமரா அவரிடம் வரட்டும், மற்ற மூவரும் சட்டகத்திலிருந்தே விலகிவிடட்டும். இதற்குத் தொழிற்சாலையும் வேண்டாம், தண்டவாளமும் வேண்டாம்.

நிழற்சேகரம்:
நல்ல எண்ணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 8 நொடி மற்ற நொடிகளிலிருந்து எப்படி வேறுபட்டுத் தெரியும்? ரேடியோஹெட் குழுவின் 'நோ சர்ப்ரைசஸ்' காணொளியில் பாடகரின் தலையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற கூண்டில் நீர் நிரம்பும். அவர் உண்மையிலேயே அவ்வளவு நேரம் மூச்சடக்க வேண்டாம் என்பதற்காக, அந்தப் பகுதியில் பாடலை வேகமாக ஒலிக்கவிட்டு எடுத்து, பிறகு படத்தை மெதுவாக்கினார்கள். அதே உத்தியை இங்கே பயன்படுத்தலாம். படப்பிடிப்பின்போது பாடலை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பேஸ் கலைஞர் அதற்கேற்ப வாசிக்க, நொடிக்கு 48 சட்டகமாகப் பதிவு செய்யுங்கள். அதை 24இல் ஓட்டும்போது விரல்கள் பாடலோடு ஒத்தே இருக்கும்; கண்ணிமையும் தலைமுடியும் சட்டையின் மடிப்பும் மட்டும் வேறொரு காலத்தில் அசையும். பாடலை மட்டும் ஆயிரம் முறை கேட்டாலும் இந்த உத்தி கிடைத்திராது.

எட்டாம்தாளம்:
உத்தியைத் தேடிப் பார்ப்பதை நான் எப்போது மறுத்தேன்? எதைக் காட்டப்போகிறோம் என்பது உறுதியாகும் முன் பார்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

நிழற்சேகரம்:
முன்பே பார்த்து வைத்திருந்ததால்தான் கேட்ட மறுகணமே என்னால் சொல்ல முடிந்தது. இந்த வரிசை விஷயத்தில் நாம் உடன்படப் போவதில்லை.

ஓரக்கோடு:
இருவருக்கும் நன்றி. ஒத்திகையின்போது கைபேசியில் இரண்டு வகையிலும் எடுத்துப் பார்க்கிறோம். ஓரத்தில் நிற்பதற்குப் பேஸ் கலைஞர் உடனே ஒப்புக்கொண்டார். சட்டகத்தைவிட்டு விலகத்தான் பாடகர் தயங்குகிறார்.

சில்லறைக்கணக்கு:
48 சட்டகத்தில் எடுக்கும்போது மலிவான எல்இடி விளக்குகளும் குழல் விளக்குகளும் திரையில் மின்னி மின்னித் தெரியக்கூடும். கண்ணுக்குத் தெரியாது, படத்தொகுப்பில்தான் தெரியவரும். படப்பிடிப்பில் பயன்படுத்தப்போகும் அதே விளக்குகளை வைத்து, அதே கேமராவில் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை.