சார்ட்டர் ஹைஸ்கூலில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன் (டெக்சஸ்)

ரவுண்ட்ராக் அப்பா

பையன் வரும் ஆகஸ்டில் ஒன்பதாவது. எங்கள் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் ஒரே சார்ட்டர் பள்ளியைத்தான் சொல்கிறார்கள், "மார்க்கைப் பாருங்க, அங்கே போடுங்க" என்று. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: சார்ட்டர் என்றால் தனியார் பள்ளி இல்லை, ஃபீஸ் கிடையாது, அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துகிறது, டெக்சஸில் 1995ல் இதற்குச் சட்டம் வந்தது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பெரும்பாலும் குலுக்கல்தான்.

பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே பேனர், எல்லா மாணவர்களுக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று. ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா அறையில் நாற்காலி போட இடமில்லை, மூலையில் ஒரு பையன் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். அதே காரிடாரின் கோடியில் பன்னிரண்டாம் வகுப்பு கால்குலஸ், பாதி மேஜைகள் காலி. மீதிப் பேர் எங்கே என்று கேட்டால், "குடும்பங்கள் வீடு மாறுவார்கள்" என்றார் கூட வந்தவர். இத்தனை குடும்பமா வீடு மாறும்? யாருக்காவது விவரம் தெரியுமா?

கேட்டி அம்மா

எங்கள் மகள் வேறொரு சார்ட்டரில் பத்தாவது பாதிவரை படித்தாள். போ என்று யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பள்ளியின் மாணவர் ஆலோசகர் கூப்பிட்டு, உங்கள் ஏரியா பள்ளியில் பேண்ட் வாத்தியக் குழு இருக்கிறது, அங்கே அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று இதமாகப் பேசினார். நாங்களும் மாற்றிவிட்டோம். பிறகுதான் கணக்கு புரிந்தது: முறையாக வேறு பள்ளிக்கு மாறிப்போன பிள்ளை, நாலு வருடத்தில் முடித்தவர்கள் சதவீதத்தில் பழைய பள்ளியின் கணக்கிலிருந்தே எடுபட்டுவிடும். யுஎஸ் நியூஸ் இதழின் பள்ளித் தரவரிசையில் ஏபி (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம்) தேர்வுக்கான மதிப்பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பில் மிஞ்சியிருப்பவர்களை வைத்துத்தான். ஆக, திணறுகிறவர்கள் போகப் போகச் சதவீதம் தானாக ஏறும், பாடம் நடத்தும் விதம் மாறவே வேண்டாம். அந்தச் சார்ட்டரில் பஸ்ஸும் இல்லை. ஷிஃப்ட் வேலைக்குப் போகிற, ஒரே கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் டீச்சர்

நான் சார்ட்டரில் அல்ஜீப்ரா எடுக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுமே 'எக்கனாமிக்கலி டிஸ்அட்வான்டேஜ்டு' பட்டியலில் வருவார்கள், அதாவது இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி, குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 185 சதவீதத்துக்குள். போன பெற்றோர் சந்திப்பில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நான் அவளைப் பற்றிச் சொன்ன குறையை அம்மாவுக்கு ஸ்பானிஷில் அவளே சொல்ல வேண்டியிருந்தது. ஹோம்வொர்க் வரவில்லை என்றேன். அவள் இரண்டு மடங்கு நேரம் பேசினாள், அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். என்ன சொன்னாளோ! அந்தப் பெண் எட்டாவதில் ஸ்டார் என்கிற மாநிலத் தேர்வில் 'டிட் நாட் மீட்', அதாவது தேறவில்லை. ஒன்பதாவது முடிவில் அல்ஜீப்ராவில் 'அப்ரோச்சஸ்', அதாவது அதற்கு அடுத்த படி, வாங்கினாள். அதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் வீடு விற்கிற வெப்சைட்டில் எங்கள் பள்ளிக்கு எப்போதும் மட்டமான நம்பர்தான் நிற்கும், நம்மவர்கள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

ரவுண்ட்ராக் சார், பள்ளிக்கு மாநில ரேட்டிங்கில் ஏ என்று போட்டிருந்தால் அந்த ஏ எப்படி வந்தது என்று பாருங்கள். டிஇஏ, அதாவது மாநிலக் கல்வித் துறை, மூன்று பகுதியாகப் பார்க்கிறது: மாணவர்களின் மதிப்பெண், பள்ளியின் முன்னேற்றம், இனம், வருமானம் போன்ற மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளி. முதல் இரண்டில் எது கூடுதலோ அதற்கு 70 சதவீதம், இடைவெளிக்கு 30. முன்னேற்றப் பகுதிக்குள் 'ரிலேட்டிவ் பெர்ஃபார்மன்ஸ்' என்று ஒன்று வரும், உங்கள் பள்ளி அளவுக்கு ஏழைப் பிள்ளைகள் இருக்கிற மற்ற பள்ளிகளோடு ஒப்பிடுவது. வசதியான வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வாங்கிய ஏவும், கீழே இருந்தவர்களைத் தூக்கி வாங்கிய ஏவும் பேனரில் ஒன்றுபோலத்தான் தெரியும். வருடத்தையும் கவனியுங்கள், 2023 ரேட்டிங் கோர்ட் வழக்கில் மாட்டி 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2023ல் வெளியிட்ட ஆய்விலும், சார்ட்டரால் நல்ல பலன் கண்டவர்களில் முன்னால் நின்றது கறுப்பின, ஹிஸ்பானிக் ஏழைப் பிள்ளைகள். ஆன்லைன் சார்ட்டர்கள்தான் ரொம்பப் பின்தங்கின. எனவே சார்ட்டர் என்றாலே மார்க் ஜோடிப்பு என்று ஒரேயடியாகப் பேசாதீர்கள்.

ஃப்ரிஸ்கோ

பள்ளி அறிக்கையில் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாகக் காட்டும் அட்டவணையை அப்படியே நம்பாதீர்கள் என்பதற்கு என் வீட்டுக் கதை. சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி என்று ஒரு ஃபாரம் தருவார்கள். மனைவி பெருமையாகத் தமிழ் என்று எழுதினாள். இங்கேயே பிறந்து, எங்களோடு சண்டை போடுவதுகூட ஆங்கிலத்தில்தான் என்கிற பையனைக் கூப்பிட்டு ஆங்கிலத் தேர்வு வைத்தார்கள். அவன் தேறிவிட்டான், சரி. ஆனால் என் நண்பர் மகள், பேசக் கூச்சப்பட்டு வாயே திறக்காமல் 'எமர்ஜென்ட் பைலிங்குவல்' (இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளை) ஆகிவிட்டாள், போன மாதம் ஹோண்டுராஸிலிருந்து வந்த பிள்ளையும் அதே பத்திதான். 'ஆசியர்' பத்தியும் அப்படியே. ஐடி வீட்டுப் பிள்ளையும் பர்மா அகதிப் பிள்ளையும் ஒரே சதவீதத்துக்குள். பிரிவில் ஆள் ரொம்பக் குறைவு என்றால் எண்ணே இருக்காது, வெறும் நட்சத்திரக் குறி.

ரவுண்ட்ராக் அப்பா

எல்லோருக்கும் நன்றி. டிஏபிஆர் என்கிற, டிஇஏ வருடா வருடம் வெளியிடும் பள்ளி அறிக்கையில் வகுப்புவாரி எண்ணிக்கையைப் பல வருடத்துக்கு வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பேட்சும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் இளைத்துக்கொண்டே போகிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் அப்படி இல்லை. குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், கிடைத்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் இரண்டு பேரிடம் பேசிவிட்டுத்தான் கையெழுத்து. கேட்டி மேடம், உங்கள் மகள் பழைய பள்ளியில் எடுத்த ஏபி வகுப்புகளின் கிரெடிட்டை புதிய பள்ளியில் முழுசாக ஏற்றுக்கொண்டார்களா?