சுயபெலத்தை விட்டுக் கர்த்தர்மேல் சாய்வது: நடைமுறையில் எப்படி?

வனாந்தரப் புறா எழுதியது:

ஸ்தோத்திரம். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்ற நீதிமொழிகள் 3:5 நம்மில் பலருக்கு மனப்பாடம். "எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துவிடுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்கும்போது மனம் ஆமென் சொல்லிவிடுகிறது. மறுநாள் காலையில் அதை எப்படிச் செய்வது என்பதுதான் பிடிபடவில்லை. "தன் கையே தனக்கு உதவி" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது இன்னும் கடினம்.

மூன்று இடங்களில் சிக்கல். திட்டமிடுவதும் உழைப்பதும் எந்த இடத்தில் சுயபெலமாக மாறுகிறது? இரண்டாவது, இரவு ஜெபத்தில் இறக்கிவைத்த கவலை காலையில் எழுந்ததும் மறுபடி தலைமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒப்புக்கொடுத்தது உண்மையில்லை என்று அர்த்தமா? மூன்றாவது, மனிதரிடம் உதவி கேட்டால் அது விசுவாசக் குறைவா? வசனத்தோடும் செய்முறையோடும் சொன்னால் உபயோகமாக இருக்கும்.

பெரோயா வாசகர் எழுதியது:

முதல் கேள்விக்கு யூதாவின் எசேக்கியா ராஜாவைப் படியுங்கள். ஒரே ராஜா, ஒரே எதிரி. சுயபெலமும் நம்பிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

2 இராஜாக்கள் 18-இல் அசீரியா ராஜா சனகெரிப் படையோடு வருகிறான். எசேக்கியா முதலில் செய்தது பேரம். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். அதற்காக ஆலயக் கதவுகளில் தானே அடித்துவைத்த பொன் தகட்டையும் உரித்துக் கொடுத்தான் (18:14-16). படை திரும்பிப் போகவில்லை. அடுத்த வசனத்திலேயே சனகெரிபின் அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு முன் வந்து நிற்கிறான். 18:13 முதல் 16 வரை ஒரு ஜெபம்கூடப் பதிவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். 19-ஆம் அதிகாரத்தில்தான் எசேக்கியா மிரட்டல் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைக்கிறான் (19:14).

அப்படியானால் உழைப்பும் ஏற்பாடும் தவறா? அதே எசேக்கியா கீகோன் ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவரச் சுரங்கக் கால்வாய் வெட்டினான். ஏறத்தாழ 533 மீட்டர் நீளம். இரு முனையிலிருந்தும் பாறையை வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். 1880-இல் கிடைத்த சீலோவாம் கல்வெட்டு அதைச் சொல்கிறது. வேதம் இந்த வேலையைக் குறை சொல்லவில்லை. ஏசாயா 22:8-11 கண்டிப்பது வேறு ஒன்றை. ஆயுதசாலையைப் பார்த்தீர்கள், வீடுகளை எண்ணினீர்கள், மதிலைப் பலப்படுத்தினீர்கள், குளத்தைக் கட்டினீர்கள், ஆனால் இதையெல்லாம் ஏற்படுத்தினவரை நோக்கவில்லை என்று எருசலேமைப் பார்த்துச் சொல்கிறார். குளம் வெட்டியவர்கள் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

ஆகையால் "எவ்வளவு வேலை செய்கிறேன்" என்று அளந்தால் விடை கிடைக்காது. வேறு மூன்றைக் கேளுங்கள். முடிவெடுத்த பிறகு முத்திரை குத்துவதற்கு ஜெபிக்கிறேனா, முடிவெடுக்கும் முன்பா? ஆண்டவர் "வேண்டாம்" என்றால் நிறுத்த எனக்கு மனம் உண்டா? காரியம் நன்றாக முடிந்தால் வாய் முதலில் யாரைப் புகழும்? கிதியோனின் 32,000 பேரை 10,000 ஆகவும் பிறகு 300 ஆகவும் குறைத்ததற்கு நியாயாதிபதிகள் 7:2 சொல்லும் காரணம் இந்த மூன்றாவது கேள்விதான்: "என் கை என்னை இரட்சித்தது" என்று இஸ்ரவேல் வீம்பு பேசக்கூடாது.

மூன்றில் இரண்டாவது கேள்விதான் பலரையும் காட்டிக்கொடுக்கும். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் எத்தனை மணி நேரம் ஜெபித்தாலும் அது எசேக்கியாவின் பேரம் போலத்தான் ஆகும்.

ஒலிவக்கிளை எழுதியது:

சகோதரி (சகோதரராக இருந்தால் மன்னிக்கவும்), கவலை காலையில் திரும்பி வருவதால் நேற்றைய ஜெபம் பொய்யாகிவிடாது. 1 பேதுரு 5:7-ஐ மட்டும் தனியாக எடுத்துப் படிப்பதால் வரும் குழப்பம் இது. தமிழில் 6-ஆம் வசனமும் 7-ஆம் வசனமும் தனித்தனி வாக்கியங்கள். கிரேக்கத்தில் ஒரே வாக்கியம்: "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிட்டு, அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்." கவலையை வைப்பதுதான் அடங்கியிருக்கும் விதம். அடங்கியிருப்பது ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை, வைப்பதும் அப்படியே. அங்கே "வைத்துவிடுங்கள்" என்பதற்குள்ள கிரேக்கச் சொல், லூக்கா 19:35-இல் சீஷர்கள் கழுதைக்குட்டியின்மேல் வஸ்திரங்களைப் போட்டதற்கும் வருகிறது. தோளில் கிடந்த துணி இப்போது குட்டியின்மேல் கிடக்கிறது. அவ்வளவு எளிய செயல்.

சங்கீதம் 37:5-இல் "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து" என்ற இடத்தில் எபிரெயச் சொல்லின் பொருள் "உருட்டு". யாக்கோபு கிணற்று வாயிலிருந்த கல்லைப் புரட்டியதும் (ஆதியாகமம் 29:10) அதே வேர்ச்சொல். தூக்க முடியாததைத்தான் உருட்டுவார்கள். தூக்கிக் கொடுக்கும் அளவுக்குப் பெலன் வந்தபின் ஒப்புக்கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

செய்முறை கேட்டீர்கள். காலையில் 15 நிமிடம் போதும். எசேக்கியாவின் ஜெபத்தையே (2 இராஜாக்கள் 19:15-19) அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே வசனம். முதல் வசனத்தில் அவர் யார் என்று சொல்கிறான். அடுத்ததில் "கேளும், பாரும்" என்கிறான். அடுத்த இரண்டில் நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறான்: அசீரியா ராஜாக்கள் பல தேசங்களை நாசமாக்கினது மெய்தான் என்று ஒத்துக்கொள்கிறான். விண்ணப்பம் கடைசி வசனத்தில்தான். நாம் பெரும்பாலும் விண்ணப்பத்தில் தொடங்கி விண்ணப்பத்திலேயே முடித்துவிடுகிறோம், அதனால் எழுந்திருக்கும்போது பிரச்சினை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இன்று உங்கள் கையில் உள்ள வேலை: பேச வேண்டிய பேச்சு, அனுப்ப வேண்டிய கடிதம், சாப்பிட வேண்டிய மருந்து. வலப்பக்கம் உங்கள் கைக்கு எட்டாதது: எதிராளியின் மனம், பரிசோதனையின் முடிவு, பிள்ளையின் நாளைய வாழ்க்கை. வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றையும் பேர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். "எல்லாக் கவலையும்" என்று மொத்தமாகக் கட்டிக் கொடுத்தால் மனம் அதை நம்பாது. இடப்பக்கத்துக்கு இன்றைய பெலனைக் கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஸ்தோத்திரம் சேர வேண்டும், பிலிப்பியர் 4:6 அதை விடவில்லை.

பகலில் கவலை திரும்ப வரும். அப்போது முழு ஜெபத்தையும் மறுபடி தொடங்க வேண்டாம். தாளில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வலப்பக்கம் என்றால், "இதை உம்மிடம் வைத்தேன், இன்னும் உம்முடையதே" என்ற ஒரு வரி. இடப்பக்கம் என்றால் எழுந்துபோய் அந்த வேலையைச் செய்யுங்கள். பத்து முறை வந்தால் பத்து முறையும் இதேதான்.

தவறுவது எங்கே? நாளைக்குரியதை இன்றைய தாளில் எழுதுவதில். வனாந்தரத்தில் தினமும் கிடைத்த மன்னா உணவு ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளுக்கென்று வைத்தது புழுத்து நாறியது (யாத்திராகமம் 16:16-20). ஆனால் ஆறாம் நாளில் இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னவரும் அவரே, அது கெடவில்லை. ஆகையால் சேமிப்பதும் முன்னேற்பாடு செய்வதும் பாவம் என்று இந்தப் பகுதியை வைத்து வாதிடாதீர்கள்.

நங்கூரம் எழுதியது:

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. சுயபெலத்தை விடுகிறேன் என்று கையைக் கட்டி உட்காருகிறவர்களும் உண்டு. அப்போஸ்தலர் 27 அதற்கு நல்ல மருந்து. புயலில் சிக்கிய கப்பலில், ஒரு பிராணச்சேதமும் வராது என்று பவுலுக்கு வாக்கு கிடைத்துவிட்டது. ஆனாலும் மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். 14 நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்கிறார். 276 பேரும் கரை சேர்ந்தது நீந்தியும் பலகைகளைப் பிடித்துக்கொண்டும்தான்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: விசுவாசத்தின் பேரில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆசா ராஜாவை மேற்கோள் காட்டுவார்கள் (2 நாளாகமம் 16:12). அங்கே குறை, கர்த்தரை விட்டுவிட்டு வைத்தியரை மட்டும் தேடியது. எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:5-7). பல வாரமாகத் தூக்கமும் பசியும் போய்விட்டிருந்தால் அது வெறும் அவிசுவாசம் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை "ஆண்டவர் பேசினார்" என்று எடுப்பதும் வேண்டாம். இயேசுவை ஆலய உப்பரிகையில் நிறுத்தி வசனம் காட்டியவன் பிசாசு என்பது மத்தேயு 4:5-6-இல் இருக்கிறது.

வனாந்தரப் புறா எழுதியது:

நன்றி. தாளில் கோடு போடுவதை இன்றே தொடங்கலாம். ஒன்று மட்டும் இன்னும் தெளிவில்லை. ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டும், ஜெபிக்கிறோம், பதில் தெரியவில்லை. எவ்வளவு நாள் காத்திருப்பது? காத்திருப்பதும் தள்ளிப்போடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கிறதே.

பெரோயா வாசகர் எழுதியது:

நாள் கணக்கு யாராலும் தர முடியாது. ஆனால் காத்திருக்கும் நாட்களில் என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பிரித்தறியலாம்.

பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் நிலையைக் கேள்விப்படுகிறார். ராஜாவிடம் பேசும் வாசல் திறந்தது நிசான் மாதத்தில். ஏறக்குறைய நான்கு மாதம். "உனக்கு என்ன வேண்டும்" என்று ராஜா கேட்டதும் ஒரு கணம் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார் (2:4), உடனே பதில் சொல்கிறார். பதிலைப் பாருங்கள்: போய்வர எவ்வளவு காலம், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள், வனத்துக் காவலாளன் ஆசாப்புக்கு ஒரு கடிதம், எந்தெந்த வேலைக்கு மரம் வேண்டும் என்பது உட்பட (2:6-8). இத்தனையும் அந்த நிமிடத்தில் தோன்றியதாக எனக்குப் படவில்லை. நான்கு மாதமும் ஜெபமும் கணக்கும் சேர்ந்தே நடந்திருக்க வேண்டும். கிடைத்தபின் "தேவனுடைய தயவுள்ள கரம் என்மேல் இருந்தபடியால்" என்கிறார். தன் திட்டத்தை மெச்சவில்லை. தள்ளிப்போடுகிறவரிடம் நான்கு மாதம் கழித்தும் கடிதப் பட்டியல் இருக்காது.

எதிர்ப்பக்கம் சவுல். 1 சாமுவேல் 13-இல், தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாளும் காத்திருந்தான். ஜனங்கள் சிதறுவதைக் கண்டு, சாமுவேல் வரும் முன் தானே பலியிட்டான்; பலியிட்டு முடிக்கிறபோது சாமுவேல் வந்துவிட்டார். ஆபிராமும் வாக்குப்பண்ணப்பட்ட பிள்ளைக்காகக் கானானில் பத்து வருஷம் பொறுத்துவிட்டு, அடிமைப்பெண் ஆகார் வழியைப் பிடித்தார் (ஆதியாகமம் 16:3). இரண்டிலும் அவர்களை அசைத்தது பயம் அல்லது சலிப்பு. எனவே பயம் உச்சத்தில் இருக்கும் நாளில் திரும்பப் பெற முடியாத முடிவை எடுக்காதீர்கள்.

கடைசித் தேதி உள்ள முடிவு என்றால் அந்தத் தேதியை எழுதிவையுங்கள். அதற்குள் வேதம் வெளிப்படையாகத் தடுக்கிறதா என்று பாருங்கள், விவரங்களைச் சேகரியுங்கள், உங்களை முகஸ்துதி செய்யாத இரண்டு முதிர்ந்த விசுவாசிகளிடம் தனித்தனியாகக் கேளுங்கள். யோசுவா 9:14-இல் இஸ்ரவேலர், தூரதேசத்தார் என்று வேஷமிட்டு வந்த கிபியோனியரின் உணவைச் சோதித்தார்கள், கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் அப்படித்தான் ஏமாறுவோம். தேதி வந்தும் தடை எதுவும் தெரியாவிட்டால், யாக்கோபு 4:15 சொல்கிறபடி "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று முடிவெடுங்கள். முழு நிச்சயம் வரும்வரை அசையமாட்டேன் என்பதும் தன் நிச்சயத்தின்மேல் சாய்வதுதான்.

ஒலிவக்கிளை எழுதியது:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, உதவி கேட்பது. எல்லாவற்றையும் தானே சுமக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஆண்டவரிடம் கேட்டுவிடுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விசுவாசியிடம் கேட்கமாட்டார்கள்.

மோசேயிடம் அவர் மாமன் எத்திரோ சொன்னது: "நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது" (யாத்திராகமம் 18:18). ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று தலைவர்களை வைத்து வேலையைப் பிரிக்கச் சொன்னார். முந்தின அதிகாரத்தில், யுத்தத்தின்போது உயர்த்திய மோசேயின் கை ஓய்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கினார்கள். யுத்தம் கர்த்தருடையதுதான், கை தாங்கினவர்கள் மனிதர்கள்.

கலாத்தியர் 6:2 ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, 6:5 அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டும் "பாரம்". கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். முந்தினது நசுக்கும் பளு, பிந்தினது அவனவனுக்குரிய சுமை. உங்கள் கடமையை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். நசுக்குகிறதை ஒளித்து வைக்காதீர்கள்.

கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். "எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் சொன்னவருக்கும் பாரம் குறையாது, கேட்டவருக்கும் நினைவிருக்காது. நம்பகமான ஒருவர், ஒரு காரியம், ஒரு நேரம்: "வியாழக்கிழமை 10 மணிக்கு இந்தப் பேச்சுவார்த்தை, அந்த நேரத்தில் ஜெபியுங்கள், மாலையில் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்."

2 கொரிந்தியர் 1:9-இல் "எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல்" தேவன்மேல் நம்பிக்கை வைக்கக் கற்றதாகச் சொல்லும் பவுல், 11-ஆம் வசனத்திலேயே கொரிந்தியரின் விண்ணப்ப உதவியைப் பற்றிப் பேசுகிறார். அதே நிருபம் 7:6-ஐயும் பார்த்துவிடுங்கள். அங்கே தேவன் அவருக்கு ஆறுதல் செய்தது தீத்து வந்ததினாலே.